கோர்ட் வராந்தா

ஆஸ்டின்,
5 நவம்பர் 2015

அன்புள்ள பாப்பா,

செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ போன் செய்தபோது என்னால் சரியாகப் பேச முடியவில்லை. கோர்ட் கட்டும் தேர்தலின் ஓட்டு எண்ணிக்கை வந்துகொண்டே இருந்தது. அப்பா லேப்டாப்பை விட்டு நகரவே இல்லை. "ஒரு கட்டடத்துக்குப் போய் ஏம்மா அழுகிறாய்?" என்று கேட்டாய். உடனே பதில் சொல்ல வரவில்லை. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

தோற்றுவிட்டோம். கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி ஓட்டு வந்தது, வேண்டாம் என்ற பக்கம் கொஞ்சம் கூடிவிட்டது, அவ்வளவுதான். சிவில் வழக்குக்கும் குடும்ப வழக்குக்கும் புது நீதிமன்றம் கட்ட ட்ராவிஸ் கவுண்டி (ஆஸ்டின் இருக்கும் மாவட்டம்) கேட்ட கடன் பத்திரம், அதாவது மக்கள் ஓட்டில் சம்மதித்தால் வாங்கி வீட்டு வரியிலிருந்து அடைக்கும் கடன், சுமார் 28 கோடியே 73 லட்சம் டாலர். தொகை பெரியதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. கவுண்டி ஜட்ஜ் சாரா எக்கார்ட் இதை மக்களிடம் எடுத்துச் சொல்ல எவ்வளவோ பாடுபட்டார். (கவுண்டி ஜட்ஜ் என்றால் வழக்கு விசாரிக்கும் நீதிபதி என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கவுண்டி நிர்வாகத்துக்குத் தலைவர் அவர். 'கமிஷனர்ஸ் கோர்ட்' என்பதும் கோர்ட் இல்லை, ஐந்து பேர் உட்கார்ந்து பட்ஜெட் போடும் சபை. குடியுரிமை வாங்கிய பிறகுதான் இதெல்லாம் புரிந்தது.)

குவாடலூப் தெருவில் இருக்கும் பழைய கோர்ட்டை நீ பார்த்திருக்கிறாய், பள்ளியில் கூட்டிக்கொண்டு போனார்கள். 1931-இல் கட்டியது. அப்போது இந்தக் கவுண்டியின் ஜனத்தொகை 77 ஆயிரம் சொச்சம். இன்றைக்குப் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. கிரிமினல் வழக்குகளுக்கு வேறு கட்டடம் வந்துவிட்டது, ஆனாலும் விவாகரத்து, குழந்தை யாரிடம் இருப்பது, அடிக்கிற புருஷன் கிட்டே வரக்கூடாது என்று வாங்கும் பாதுகாப்பு ஆணை, இது அத்தனையும் அந்தப் பழைய வராந்தாக்களில்தான் நடக்கிறது.

அந்தக் கட்டடத்தின் மேல் எனக்கு மரியாதை இல்லாமல் இல்லை. ஹெமன் மேரியன் ஸ்வெட் என்று வாசலில் பேர் இருக்கிறதே, அவர் ஹூஸ்டனில் தபால்காரர். 1946-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க மனுப் போட்டார். கறுப்பினத்தவர் என்று சேர்க்க மறுத்துவிட்டார்கள். அவர் தொடுத்த வழக்கு முதலில் நடந்தது இந்தக் கோர்ட்டில்தான். 'உனக்குத் தனியாக ஒரு சட்டப் பள்ளி வைத்துத் தருகிறோம்' என்று மாநில அரசு அவசர அவசரமாக ஒரு கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில் நாலு அறையை ஒதுக்கிப் பேர் வைத்தது. 1950-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, அவரைச் சேர்க்கச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தது. பிறகு 2005-இல்தான் அவர் பெயரையே கோர்ட்டுக்கு வைத்தார்கள். உன் தாத்தா கும்பகோணம் கோர்ட்டில் முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். இந்தக் கதையைக் கேட்டிருந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்.

சரி, நான் ஏன் கதவு கதவாகத் தட்டினேன் என்பதற்கு வருகிறேன். இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்று.

நீ மூன்றாம் வகுப்புப் படித்தபோது, நாம் டெக்சாஸுக்கு வருவதற்கு முன்னால், ஒரு நாள் உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நான் போனேன். கடைக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். போனது ஒரு குடும்ப நீதிமன்றத்துக்கு, என் தோழிக்குத் துணையாக. அவள் பேர் வேண்டாம், எந்த ஊர் என்பதும் வேண்டாம். அங்கேயும் இதே மாதிரி பழைய கட்டடம், குறுகலான வராந்தா, சுவரோரம் நீளமாக ஒரு மர பெஞ்ச். வாதி உட்கார ஒரு இடம், பிரதிவாதி உட்கார ஒரு இடம் என்று எதுவும் கிடையாது. பெஞ்சின் இந்த முனையில் நாங்கள் இரண்டு பேர். அந்த முனையில் குடிதண்ணீர்க் குழாய், அதை ஒட்டி அவள் புருஷன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவன் ஒன்றும் பேசவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மடியில் பிள்ளையின் தண்ணீர் பாட்டில், காலி. மூடியைத் திருகுவாள், திறப்பாள், திரும்பத் திருகுவாள். இரண்டு மணி நேரம். நாக்கு வறண்டு உதடு ஒட்டிக்கொண்டது, ஆனால் தண்ணீர் பிடிக்க அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் போகிறேன் என்று எழுந்தேன். என் சேலைத் தலைப்பைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

கடைசியில் அவர்களைக் கூப்பிடுவதற்குள் வக்கீல் ஒரு காகிதம் கொண்டுவந்தார். பிள்ளை யாரிடம் எத்தனை நாள் என்று அவன் கேட்டபடியே எழுதியிருந்தது. அவள் முழுதாகப் படிக்கவில்லை. வீட்டுக்குப் போனால் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள். நியாயம் கேட்டு வந்தவள் நீதிபதியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே தோற்றுப்போனாள் பாப்பா. அதைத் தீர்மானித்தது அந்த வராந்தா.

இங்கே கவுண்டி அதிகாரிகள் பழைய கட்டடத்தைப் பற்றி விளக்கும்போது, அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே வராந்தாவில் காத்திருக்கிறார்கள், காவலில் இருப்பவர்களையும் பொதுமக்கள் நடக்கும் வழியாகவே கூட்டிப்போக வேண்டியிருக்கிறது என்று சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த பாட்டில் மூடிதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கே துண்டுப் பிரசுரம் கொடுக்கப் பேர் கொடுத்துவிட்டேன்.

எல்லாக் கதவும் ஒரே மாதிரி திறக்கவில்லை. கிழக்கு ஆஸ்டினில் ஒரு வீடு. ஐம்பத்தைந்து வயது இருக்கும் ஒரு அம்மா, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, அவருடைய தாயார் விட்டுப்போன சின்ன மர வீடு. பக்கத்து மனையில் பழைய வீட்டை இடித்து மூன்று மாடியில் கண்ணாடி வீடு எழும்பிக்கொண்டிருந்தது. நான் பேசி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார். அப்புறம் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து திறந்தார். வருஷா வருஷம் வந்த வீட்டு மதிப்பு நோட்டீஸ்கள், ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்தார். குடியிருக்கும் வீட்டுக்கு வருஷத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் வரி மதிப்பை ஏற்றக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்தப் பத்து பத்தாகவே ஏறி எங்கே வந்து நிற்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார். "விற்றால்தானே இந்தப் பணம் எனக்கு? நான் விற்கவில்லை, குடியிருக்கிறேன். வரி மட்டும் விற்றவன் மாதிரி கட்டுகிறேன்" என்றார். இந்த மாநிலத்தில் வருமான வரி இல்லை என்று நாம் சந்தோஷப்படுகிறோமே, அந்தச் சுமையில் பெரும்பகுதி வீட்டு வரியில்தான் வந்து விழுகிறது.

இன்னொன்றும் கேட்டார். கட்டத்தான் வேண்டுமென்றால் டவுன்டவுனில் ரிபப்ளிக் ஸ்கொயர் பூங்கா பக்கத்தில், ஊரிலேயே விலை கூடின இடத்தில் எதற்கு? எதிர்ப்புக் கூட்டங்களில் அதிகம் கேட்ட கேள்வியும் இதுதான். அந்த நிலத்தைக் கவுண்டி 2010-இலேயே வாங்கிவிட்டது. அதை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, மலிவான இடத்தில் கார் நிறுத்த வசதியோடு கட்டுங்கள் என்றார்கள். எங்கள் பக்கத்தில் சொன்ன பதில், பஸ் எல்லாம் டவுன்டவுனுக்குத்தான் வருகிறது, கார் இல்லாதவர்கள் கோர்ட்டுக்கு எப்படி வருவார்கள் என்பது. நானும் அதையே சொன்னேன். அந்த அம்மா, "ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவளுக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை.

அவர் எதிர்த்து ஓட்டுப் போட்டிருப்பார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்தது எங்கள் மேல்தான். வராந்தாவில் உட்காரும் பெண்ணும் டப்பாவில் நோட்டீஸ் வைத்திருக்கும் பெண்ணும் பல நேரம் ஒரே ஆள். அவளுக்கு விளங்கும்படி, உன் வீட்டு வரியில் இவ்வளவு கூடும், அந்த இடத்தை விற்றால் இவ்வளவு கிடைக்கும், விற்காததற்கு இதுதான் காரணம் என்று நாங்கள் உட்கார்ந்து கணக்குக் காட்டியிருக்க வேண்டும். கட்டடத்தின் படத்தைத்தான் காட்டினோம்.

நான் முன்கூட்டியே சூப்பர் மார்க்கெட்டில் ஓட்டுப் போட்டேன். அந்த மெஷினில் சக்கரத்தைத் திருகித் திருகி இறங்க வேண்டும். முதலில் மாநில அரசியல் சட்டத் திருத்தங்கள் ஏழு. வீட்டு வரி விலக்கை 15 ஆயிரத்திலிருந்து 25 ஆயிரம் டாலராக உயர்த்துவது முதலாவது, வேட்டையாட, மீன்பிடிக்க உரிமை என்று ஒன்றுகூட இருந்தது. அதையெல்லாம் தாண்டித்தான் நம் கோர்ட் வந்தது. வரியைக் குறைக்கும் கேள்விக்கு ஆமாம் என்று அழுத்திய கை, அதே சீட்டில் கடன் கேட்கும் கேள்விக்கு வரும்போது தயங்கத்தானே செய்யும்? முன்கூட்டி ஓட்டுப் போடும் கடைசி நாளான 30-ஆம் தேதி பேய்மழை. ஆனியன் கிரீக் கரை புரண்டு ஓடியது, ஏர்போர்ட் கன்ட்ரோல் டவருக்குள்ளேயே தண்ணீர் புகுந்துவிட்டது. அன்றைக்கு வரலாம் என்று இருந்தவர்கள் எத்தனை பேர் வராமல் போனார்களோ.

உன் சீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாஸ்டனுக்கு உனக்குத் தபால் ஓட்டு வந்தது, பரீட்சை நடுவில் மேஜையிலேயே கிடந்துவிட்டது என்றாய். ஒரு ஓட்டில் இது மாறியிருக்காது, எனக்குத் தெரியும். திட்டுவதற்காக எழுதவில்லை. ஆனால் அந்த உறை பிரிக்காமல் கிடந்தது என்று கேட்டதும் எனக்கு வலித்தது, அதை மறைக்கவும் விரும்பவில்லை. நீ ஓட்டுப் போட்டு, 'வேண்டாம்' என்றே குறித்திருந்தாலும் அன்றைக்கு உன்னோடு விடிய விடிய சண்டை போட்டிருப்பேன், இவ்வளவு வலித்திருக்காது.

கமிஷனர்கள் இனி என்ன செய்வார்கள் என்று அப்பா தினமும் பேப்பர் பார்க்கிறார். அடுத்த கூட்டத்துக்கு நான் போகப் போகிறேன். மூன்று நிமிஷம் பேச விடுவார்களாம். பஸ் நேரங்களைக் குறித்து வைத்துக்கொண்டிருக்கிறேன், பிரித்து அனுப்புகிறேன், நீ ஒரு எக்செல் தாளில் போட்டுக் கொடு. உன் ஓட்டுரிமையை அங்கே மாற்றிக்கொள்ளப் போகிறாயா, இங்கேயே வைத்துக்கொள்ளப் போகிறாயா என்பதையும் யோசித்துச் சொல்.

வருகிற செவ்வாய் தீபாவளி. முறுக்கும் அதிரசமும் நாளைக்கு அனுப்புகிறேன். அந்த அம்மாவுக்கும் ஒரு டப்பா எடுத்து வைத்திருக்கிறேன். உன் பார்சலை வாசற்படியில் நனைய விட்டுவிடாதே, அதிரசம் பிசுபிசுத்துப்போகும்.

அன்புடன்,
அம்மா