மூத்தவன் ஏன் போனில் பேசவில்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் ராத்திரி எழுதலாம் என்று உட்காருவேன், அப்படியே தூங்கிப்போவேன். கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம்.

மூத்தவன் ஏன் போனில் பேசுவதே இல்லை என்று கேட்டிருந்தாய். உன்னிடம் மறைக்க முடியாது, சொல்லிவிடுகிறேன்.

இங்கே குளித்து முடித்ததும் நீராவி போகக் குளியலறை ஜன்னலைப் பத்து நிமிஷம் திறந்து வைத்துவிட்டுச் சாத்திவிட வேண்டும். இல்லையென்றால் சுவரெல்லாம் பூஞ்சை. அது மூத்தவனின் வேலை. ஒருநாள் சாத்த மறந்துவிட்டான். அன்று ராத்திரி மைனஸ் 22 டிகிரி. தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகும், குழாய் அதைத் தாங்காது. காலையில் நான்தான் ஜன்னலைச் சாத்தினேன். வேலைக்கு நேரமாகிவிட்டதால் குழாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மதியம் உள்ளே இருந்த பனிக்கட்டி உருகியிருக்கிறது, வீட்டில் யாரும் இல்லை. விரிசல் வழியாகத் தண்ணீர் பீய்ச்சி, எங்கள் தரை நனைந்து, கீழ்வீட்டுக் கூரையே பெயர்ந்து விழுந்துவிட்டது.

கீழ்வீட்டுப் பெரியவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேனே, யாரோடும் பேசமாட்டார், தினமும் காலை ஏழு மணிக்கு வெளியே போய் வெப்பமானியைப் பார்த்துப் பென்சிலால் நோட்டில் குறித்துவைப்பாரே, அவர்தான். 1981-இலிருந்து ஒருநாள் விடாமல் எழுதி வந்திருக்கிறார். அலமாரியில் இருந்த அந்த நோட்டுகள் மேல்தான் தண்ணீர் கொட்டியது.

அன்றைக்கு நான் பேசிய பேச்சை எழுதக் கை வரவில்லை அம்மா. செலவுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "இதெல்லாம் உன்னால்தான்" என்று பத்து வயதுப் பிள்ளையிடம் ஒவ்வொரு வரியாக வாசித்தேன். அவன் அழவில்லை. அன்றிலிருந்து பேச்சே குறைந்துவிட்டது.

ஆசிரியர் பயிற்சிக்கு நான் படித்த பியாஜே, பிள்ளைகளின் மனசை ஆராய்ந்தவர், உனக்கு நினைவிருக்கும். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே என்னை ஒப்பிக்கச் சொல்வாயே. 1932-இல் எழுதியது. கதவைத் திறக்கும்போது பின்னால் இருப்பது தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்த பையன் ஒருவன், ஜாம் திருடப் போய் ஒரே கோப்பையை உடைத்தவன் இன்னொருவன். யார் செய்தது பெரிய தப்பு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகள் 15 கோப்பை என்பார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள், என்ன நினைத்துச் செய்தான் என்று பார்ப்பார்கள். அதை ஒப்பித்துப் பாஸ் செய்த நான் அன்றைக்குக் கோப்பைகளைத்தான் எண்ணினேன். அவன் தப்பு மறதி மட்டும்தான். குளிருக்கும், பார்க்காமல் போன எனக்கும் சேர வேண்டியதை எல்லாம் அவன் தலையிலேயே ஏற்றிவிட்டேன்.

அதற்காக ஒன்றுமே நடக்காத மாதிரி விட்டுவிடவும் மனசில்லை. உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். தைக்க வந்த பட்டுத் துணியை நான் இஸ்திரி போட்டுப் பொசுக்கினேனே, நீ அடிக்கவில்லை. அந்த வீட்டு வாசல்வரை கூட வந்து, "நீயே சொல்லு" என்று பக்கத்தில் நின்றாய். பணத்தை நீ கட்டினாய். நான் லீவு முழுக்க உனக்குக் காஜா எடுத்தேன். எவ்வளவு போனது என்று இன்றுவரை நீ சொல்லவில்லை.

அதையேதான் செய்தேன். முதலில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் இருவரும் கீழே போனோம், அவனே சொன்னான். பெரியவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, காய வைத்த நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். பென்சில் எழுத்து அழியவில்லை அம்மா! தாள்தான் ஒட்டிக்கொண்டு கிழிகிறது. இப்போது தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் மூத்தவன் கீழே போய்ப் புது நோட்டில் நகல் எடுக்கிறான். 1987 வரை வந்துவிட்டான். நேற்று, "அம்மா, நீ பிறந்த அன்னைக்கு இங்கே மைனஸ் 9" என்று அவனாகவே வந்து சொன்னான்.

பணத்தைப் பற்றி நீ கவலைப்படாதே, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறேன், பொழுது போகிறது. வருகிற லீவுக்கு வருவதைத்தான் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்று இருக்கிறோம். பனி விழும் ராத்திரிகளில் இங்கே ஒரு சத்தமும் இருக்காது. உன் மிஷின் சத்தம் கேட்காமல் தூங்க எனக்கு இன்னும் பழகவில்லை.

தம்பி கேட்ட பவர் பத்திரத்துக்குத் தூதரகத்தில் நாள் வாங்கிவிட்டேன், கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். அதுவரை சித்தப்பாவிடம் எதுவும் பேச வேண்டாம் என்று சொல். அப்பாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள், என் பங்கை அடுத்த மாதம் அனுப்பிவிடுவேன். அப்புறம், மிஷினை எடைக்குப் போடப்போவதாக எழுதியிருந்தாயே, நான் வரும்வரை போடாதே. மூத்தவனுக்குக் காஜா எடுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

உன் மகள்