ஃபேனை நிறுத்தின ஐயாவுக்கு

உயிர்த்த ஞாயிறு போய் இன்று திங்கள். நெஞ்சுப் படபடப்பு இன்னும் அடங்கவில்லை. அடங்க முன்னர் எழுதிவிட வேண்டும்.

என் தொண்டைக்கு நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். திரும்பச் சொல்ல எனக்கும் விருப்பமில்லை. ஏழு மாதம் பாட்டுப் பக்கமே போகாதிருந்தவள், பெரிய சனி இரவு, உயிர்ப்புப் பெருவிழாவின் முந்தின இரவு, மட்டக்களப்பு புளியந்தீவு மரியாள் பேராலயத்தில் பாஸ்கா புகழுரையை, அதாவது பாஸ்கா திரியின் முன் ஒருவர் தனியாகப் பாடுகிற நீண்ட உயிர்ப்புப் பாடலை, பாடி முடித்தேன். அவ்வளவுதான் செய்தி.

மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது 2012 இல். அடுத்த வருஷ உயிர்ப்பு இரவில்தான் புகழுரையை முதன்முதல் என்னிடம் தந்தார்கள். பாடினவர்களுக்குத் தெரியும்: கிட்டத்தட்ட பத்து நிமிஷம், இடையில் தண்ணி குடிக்க வழியில்லை, பிடித்துக்கொள்ளச் சுதியும் இல்லை. பெரிய வியாழன் பூசையில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாட்டுப் பாடினதும் ஓய்கிற ஓகன் வாத்தியம், சனி இரவு அதே பாட்டு வரும்வரை வாய் திறக்காது. புகழுரை அதற்கு முன்பே வந்துவிடும். இருட்டு, பாஸ்கா திரி, நம்முடைய குரல். வேறொன்றும் இல்லை.

ஒன்று இருக்கிறது: ஃபேன். நடுவில் உள்ளவற்றைத் திரிகள் அணையாதபடி நிறுத்துவார்கள். ஆனால் இரண்டு பக்கமும் பின்னாலும் சுவர் ஃபேன்கள் உறுமிக்கொண்டே இருக்கும். கோயில் மணி அடிக்கிற ஐயாவோடு இதற்காக நான் பிடிக்காத சண்டை இல்லை. ஒவ்வொரு வருஷமும் ஒரே பதில்தான். “சனம் அவியுது மனே, உனக்குத்தான் தொண்டை இருக்கே. மறுகா பாப்பம்.” அந்த மறுகா, அந்தப் ‘பிறகு’, வந்ததே இல்லை.

இந்த முறை நான் கேட்கவில்லை. கேட்க முகமில்லை, குரல் அவ்வளவுதான். முதல் வரி எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இரண்டாம் வரியில் இடது பக்கம் ‘டக்’. கொஞ்சத்தில் வலது பக்கம். பிறகு பின்னால். ஒவ்வொரு ஃபேனும் முனகி முனகி ஓய்ந்தது. சித்திரைப் புழுக்கத்தில் சனம் பாட்டுத் தாளால் விசிறத் தொடங்கியது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை. திரிச்சுடர் ஆடாமல் நிமிர்ந்து நின்றது. திரிக்கு மெழுகு தந்த தேனீக்களைப் பற்றிய வரி வரும்போது, என் ஒள்ளுப்பக் குரல் பின்வரிசை வரை போய்த் திரும்பி வருவதைக் கேட்டேன். பெரிய குரல் இருந்த நாளில் அந்த வரியை நான் நின்று கேட்டதே இல்லை.

வைத்தியர்கள், தாதிமார், கொத்தமல்லி அவித்துப் போத்தலில் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்கா, கிளினிக்குக்குக் கூட்டிப்போய் நோன்போடு வெயிலில் காத்திருந்து காசு வாங்க மறுத்த காத்தான்குடி ஓட்டோக்கார நானா, என் பகுதியையும் சேர்த்துப் பாடின பாடகர் குழாம், வேறு ஆள் தேடாமல் எனக்காக இடத்தை வைத்திருந்த பங்குச் சுவாமி, எல்லோருக்கும் நன்றி. பெயர் போடவில்லை, ஒன்று விடுபட்டால் நான் ஊருக்குள் நடக்கேலாது. குழாமில் இரண்டு பிள்ளைகளுக்கு இந்த வருஷமே புகழுரையைப் பழக்கப் போகிறேன். இது என்னோடு நின்றுவிடக் கூடாது.

பூசை முடிந்து ஐயாவின் கையைப் பிடித்தேன். பேச்சு வரவில்லை. அவர் குனிந்து காதோடு சொன்னார்: “ஃபேன் பழுதெண்டு சனத்துக்குச் சொல்லியிருக்கன். நீயும் அப்பிடியே சொல்லு மனே.”

மன்னிச்சுக்கொள்ளுங்க ஐயா, சொல்லிப்போட்டன்.