மெதுவாகப் பறந்தது குறையா?

ஐயா,

ஞாயிறு இணைப்பில் வந்த விமான வரலாற்றுக் கட்டுரை, ஹேண்ட்லி பேஜ் எச்.பி.42 என்ற பழைய பிரிட்டிஷ் பயணிகள் விமானத்தை 'ஆமை வேகம்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. விமானப் பராமரிப்பில் வேலை பார்த்த எனக்கு இது வருத்தமாக இருந்தது. மணிக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர்தான், சரி. ஆனால் 1931 முதல் இரண்டாம் உலகப் போர் தொடங்கும் வரை லண்டன்-பாரிஸ், கெய்ரோ-கராச்சி தடங்களில் பறந்த அந்த வகையின் 8 விமானங்களில் பயணி ஒருவர்கூட விபத்தில் இறக்கவில்லை. அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயமா? பாக்தாத் போகும் பாலைவன வழியில் தரையில் ஏரால் கீறிய கோடுதான் விமானிகளுக்கு வழிகாட்டி! போர்க்காலத்தில், 1940 மார்ச்சில், அவற்றில் ஒன்றான 'ஹானிபால்' 8 பேருடன் ஓமான் வளைகுடாப் பக்கம் காணாமல் போனது. மற்றவையும் 1941-க்குள் அழிந்துவிட்டன. அடுத்த இதழில் எச்.பி.42-இன் படத்தையாவது பெரிதாக வெளியிடுங்கள்.

- ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பணியாளர், பல்லாவரம்