கோர்சோ துக்கோரியிலிருந்து அப்பாவுக்கு

பலெர்மோ, சிசிலி, இத்தாலி

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோ இப்போது எப்படி? அம்மாவின் மருந்துக்கு அனுப்பிய காசு வந்து சேர்ந்திருக்கும்.

வீடு மாறிவிட்டோம். புது வீடு கோர்சோ துக்கோரி என்ற பெரிய றோட்டில். கொஞ்சம் நடந்தால் பல்லரோ சந்தை. மரக்கறிக்காரர் பாட்டுப் போல இழுத்துக் கூவுவார்கள். கடலைமாவில் பொரித்த பனெல்லேயைச் சுடச்சுடப் பாணுக்குள் வைத்துத் தருவார்கள். எங்கள் ஆட்களின் கடைகளும் பக்கத்தில் இருப்பதால் கறித்தூளுக்குக் குறைவில்லை. வேலை பழையதுதான், வயதான ஓர் அம்மாவைப் பார்க்கிறேன்.

அவரிடம்தான் துக்கோரி யார் என்று கேட்டேன். இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய கரிபால்டியோடு வந்த ஹங்கேரிக்காரர் என்றார். பிறகு தேடித் தேடி வாசித்தேன். சரித்திரம் படிப்பித்த உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

லாயோஷ் துக்கோரி 1830இல் பிறந்தவர். 1848இல் ஹங்கேரி ஆஸ்திரியப் பேரரசை எதிர்த்து எழும்பியபோது போராடியவர். அடுத்த வருடம் ரஷ்யப் படையும் ஆஸ்திரியாவுக்குத் துணையாக இறங்க, எல்லாம் முடிந்தது. துருக்கிக்குத் தப்பிப் போய், கிரிமியா யுத்தத்தில் கார்ஸ் கோட்டையில் துருக்கியரோடு நின்றார். 1860 மே மாதம் கரிபால்டி ஆயிரம் பேரோடு சிசிலிக்குக் கப்பலேறியபோது இவரும், இஷ்ட்வான் தூர் என்ற இன்னொரு ஹங்கேரியரும் கூட வந்தார்கள். சிசிலியை ஆண்டது நேப்பிள்ஸ் அரசு. ஆனால் வடக்கே வெனிஸைப் பிடித்து வைத்திருந்தது அதே ஆஸ்திரியாதான். இத்தாலி விடுபட்டால் தங்கள் நாட்டுக்கும் வழி பிறக்கும் என்று நம்பினார்கள்.

மே 27 விடியற்காலை பலெர்மோ நகரத்துக்குள் நுழைந்த முன்னணிப் படையை நடத்தியவர் துக்கோரி. முதலில் அட்மிரல் பாலத்தில் சண்டை. அந்தப் பாலத்தைப் போய்ப் பார்த்தேன். நோர்மன் காலத்துக் கல்வளைவுகள் அப்படியே நிற்கின்றன. ஆற்றைத் திருப்பிவிட்டதால் கீழே தண்ணீர் இல்லை, புல்தான். அதைத் தாண்டித் தெர்மினி என்ற நகர வாசலடியில் அவருக்குக் காலில் துப்பாக்கிச் சூடு பட்டது. காலை வெட்டியும் காப்பாற்ற முடியவில்லை. ஜூன் 6இல் இறந்தார். நேப்பிள்ஸ் கடற்படையிலிருந்து கரிபால்டி பக்கம் வந்து சேர்ந்த வெலோச்சே என்ற போர்க்கப்பலுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

பின்னால் வந்த ஹங்கேரியரைக் கொண்டு ஒரு படையணியே அமைத்தார்கள். அக்டோபரில் வொல்துர்னோ ஆற்றங்கரையிலும் அவர்கள் சண்டையிட்டார்கள். 1867இல் ஹங்கேரி ஆஸ்திரியாவோடு உடன்பாட்டுக்கு வந்த பிறகு அந்த அணி கலைந்தது. தூர் ஊர் திரும்பினார். துக்கோரிக்கு அது கிடைக்கவில்லை. அதுதான் என் மனதை அறுக்கிறது, அப்பா. சொந்த ஊரில் தோற்று, திரும்பிப் போக வழியில்லாமல், மற்றவர்களின் விடுதலைக்கு உயிரைக் கொடுத்திருக்கிறார்.

இந்தப் பக்கம் வங்காளிகள், ஆபிரிக்கர், நாங்கள் என்று வெளியிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். எங்கள் விலாசமே இப்படி ஒருவரின் பெயரில் இருப்பது எனக்குப் பெரிய பெருமை.

1848 பற்றி உங்கள் பழைய கொப்பிகளில் ஏதும் இருந்தால் எடுத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கதைக்கும்போது உங்கள் பேத்திக்கும் சொல்லுங்கள், அவளும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்பு மகள்
வதனி