பெங்களூருக்குக் குடிபோகிறேன், வண்டியோடு

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாற்றலாகி அடுத்த மாதம் கோவையிலிருந்து பெங்களூரு போகிறேன். வண்டியை விற்றுவிடச் சொன்னார்கள் வீட்டில். மனசு வரவில்லை, புல்லட்டும் கூடவே வருகிறது.

முதலில் ரயில் பார்சலுக்குத்தான் விசாரித்தேன். ஆர்.சி. நகல், அடையாள அட்டை வேண்டும், டேங்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது. முன்பு நண்பர் ஒருவர் கண்ணாடிகளைக் கழற்றாமலே சாக்கு சுற்றி அனுப்பிவிட்டார். இறக்கும்போது வலது கண்ணாடி தண்டோடு முறிந்து சாக்குக்குள் கிடந்தது. அதனால் ஓட்டியே போகிறேன்: சத்தியமங்கலம், திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள், சாமராஜநகர், மைசூரு. காட்டுப்பாதையில் இரவுத் தடை உண்டு, விடிந்ததும் பண்ணாரியில் நிற்க வேண்டும்.

வெளிமாநிலம் போகிற தம்பிகள் கவனிக்க: 12 மாதத்துக்கு மேல் வண்டி அங்கே இருந்தால் அந்த மாநிலப் பதிவு எண் வாங்கியாக வேண்டும். அதற்கு இங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்குங்கள். வண்டிக் கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவர்களின் சம்மதமும் வேண்டும். அப்புறம் அங்கே சாலை வரி. வரி கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். டிஎன் 38 பலகையைக் கழற்றும் நாளை நினைத்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வரும் ஞாயிறு வால்பாறை போகலாமா? காலை 6.30, ஆழியாறு செக்போஸ்ட். அந்த 40 வளைவுகளையும் உங்களோடு இன்னொரு முறை ஏற வேண்டும். வருகிறவர்கள் இன்றிரவே பெயர் போடுங்கள். ஒயிட்ஃபீல்டு பக்கம் பழைய புல்லட்டுக்குக் கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் இருந்தால் அதையும் சொல்லுங்கள் அண்ணன்மாரே.