கார்த்திக் பெயர் கொடுத்துவிட்டான்

ரிட்ஜ், லாங் ஐலண்ட்
7.10.2018

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். போனில் உங்களுக்குச் சரியாகக் காது கேட்பதில்லை, அம்மாவோ நான் சொல்வதில் பாதியை மாற்றிச் சொல்லிவிடுகிறாள். அதனால்தான் கடிதம்.

அம்மா உங்களிடம் என்ன சொன்னாளோ, உங்கள் பேரன் கார்த்திக்கை யாரும் பட்டாளத்துக்குப் பிடித்துப் போகவில்லை. இங்கே அமெரிக்காவில் 18 வயதான பையன்கள், தேவைப்பட்டால் பட்டாளத்துக்குக் கூப்பிடுவதற்காகப் பெயரைப் பதிந்து வைக்க வேண்டும். எங்களைப் போல கிரீன் கார்டுக்காரர்களுக்கும் அதே சட்டம்தான். கட்டாயமாக ஆள் எடுப்பதை 1973-லேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் பதியாமல் விட்டால் பின்னால் குடியுரிமை கேட்கும்போது சிக்கல் வரும். அவன் கம்ப்யூட்டரில் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு விளையாடப் போய்விட்டான். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. பட்டாளத்துக்காரர் மகளுக்கு இவ்வளவு பயமா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது.

நான் வேலை செய்யும் புரூக்ஹேவன் ஆய்வகம் இருக்கிற இடம் ஒரு காலத்தில் பட்டாள முகாம். கேம்ப் அப்டன் என்று பெயர். ஆய்வகத்தின் தபால் முகவரியில் இன்றைக்கும் அப்டன்தான். 1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும், நியூயார்க் நகரத்தில் பெயர் விழுந்தவர்களில் பெரும்பாலோரை இங்கேதான் கொண்டுவந்து பழக்கினார்கள். இத்தாலிக்காரர், போலந்துக்காரர், ரஷ்ய யூதர் என்று நிறையப் பேருக்கு ஆங்கிலம் அரைகுறை. குடியுரிமைக்கு இன்னும் விண்ணப்பிக்காத வெளிநாட்டுக்காரர்கள் விலக்குக் கேட்டிருக்கலாம். அந்தப் படிவமும் ஆங்கிலத்தில்தானே இருந்திருக்கும்! சாயங்காலம் ஆங்கில வகுப்பு நடத்தினார்களாம். நீலகிரி வெலிங்டனில் பட்டாளப் பயிற்சியின்போது, இந்தியில் 'பாயே முட்' (இடப்பக்கம் திரும்பு) என்றால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் எதிரே நின்றவர் மேல் மோதியதைச் சொல்வீர்களே, அந்தக் கதைதான். இடது வலது தெரிய ஒரு காலில் ஓலையும் மறு காலில் சீலையும் கட்டுகிற ஓலைக்கால் சீலைக்கால் வைத்தியத்தை இவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

இங்கே பழகிய 77-ஆவது டிவிஷன் என்ற படைப்பிரிவில் ஆப்ரஹாம் குரோட்டோஷின்ஸ்கி என்று ஒருவர் இருந்தார். அப்போது ரஷ்ய ஆட்சியில் இருந்த போலந்தில் பிறந்த யூதர். ரஷ்ய மன்னனின் பட்டாளத்தில் சிக்கக் கூடாது என்றே 1912-ல் கப்பலேறி நியூயார்க் வந்து, முடிவெட்டிப் பிழைத்தவர். ஐந்தே வருஷம். இங்கேயும் பட்டாளம் கூப்பிட்டுவிட்டது! எனக்கு அவரை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிற்றைப் பிசையவும் செய்கிறது.

1918 அக்டோபரில் பிரான்சின் ஆர்கோன் காட்டுக்குள் முன்னேறிய 550 பேரை ஜெர்மானியர்கள் சுற்றி வளைத்துவிட்டார்கள். குரோட்டோஷின்ஸ்கியும் உள்ளே மாட்டிக்கொண்டார். ஐந்து நாள். சாப்பாடு தீர்ந்தது. கீழே ஓடையில் தண்ணீர் மொள்ளப் போனால் சுட்டார்கள். போதாததற்குச் சொந்த பீரங்கியே தெரியாமல் இவர்கள் மேல் குண்டு போட்டது. செய்தி கொண்டுபோகப் புறாக்களும் தீர்ந்தன, போன ஆட்களும் உருப்படியாகத் திரும்பவில்லை. கடைசி நாள் இவர் நான் போகிறேன் என்று கிளம்பினார். புதருக்குள் அசையாமல் கிடந்தபோது ஒரு ஜெர்மன் அதிகாரி இவர் விரலை மிதித்துக்கொண்டே நடந்து போனானாம். மூச்சுக் காட்டவில்லை. இருட்டியபின் தன் ஆட்களின் பேச்சுக் குரல் கேட்டது. ஆனால் அடையாளச் சொல் தெரியாது. போலந்து வாடையடிக்கும் ஆங்கிலத்தில் இருட்டிலிருந்து கத்தினால் சுடுவார்களா, சேர்த்துக்கொள்வார்களா? 'ஹலோ' என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். நான் வந்த புதிதில் போனை எடுத்து ஹலோ சொல்லக்கூடத் தயங்குவேன். அந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

உதவிக்கு ஆள் வந்த பிறகு, தங்கள் காலால் நடந்து வெளியே வந்தவர்கள் 194 பேர். அந்த உதவி வந்து சேர்ந்து இன்றோடு சரியாக நூறு வருஷம் ஆகிறது. இவருக்குப் பெரிய பதக்கம் கொடுத்தார்கள். அவரைப் போல வெளிநாட்டில் பிறந்த சிப்பாய்கள் லட்சக்கணக்கானவர்களுக்குக் குடியுரிமையும் சீக்கிரமே கிடைத்தது. அப்புறம்? பாலஸ்தீனம் போய் விவசாயம் பார்த்தார், கைகூடவில்லை. நியூயார்க் திரும்பி வேலையில்லாமல் நின்றார். அதிபர் கூலிட்ஜ் சொல்லித்தான் தபால் இலாகாவில் ஒரு வேலை கிடைத்தது. எக்ஸ்-சர்வீஸ்மேன் கோட்டா என்று ஃபைலைத் தூக்கிக்கொண்டு நீங்கள் நடந்ததும், கடைசியில் ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்ததும் கண்ணில் வந்துபோனது. உங்களுக்காகச் சொல்ல எந்த அதிபரும் வரவில்லை.

எங்கள் வளாகத்துக் காட்டில் அவர்கள் பழகுவதற்காகத் தோண்டிய பதுங்குகுழிகள் இன்னும் கிடக்கின்றன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருநாள் போய்ப் பார்த்தேன். இங்கே மான் உண்ணி மோசம், கடித்தால் காய்ச்சலில் கொண்டுபோய் விடும். அதனால் பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டுதான் காட்டுக்குள் போக வேண்டும். நீங்கள் காலில் பட்டி சுற்றி நிற்கும் போட்டோ மாதிரியே இருந்தேன். பைன் மரத்துச் சருகு விழுந்து விழுந்து குழி தூர்ந்துவிட்டது. எனக்கு முழங்கால் ஆழம்தான்.

போட்டோவைக் காட்டினேன். கார்த்திக் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, தாத்தா தோண்டின குழி எவ்வளவு ஆழம் என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' என்று பட்டாளத் தபால் நிலைய முகவரியோடு வந்த உங்கள் இன்லண்டுகளில் மழை பெய்ததா, ஆடு குட்டி போட்டதா என்றுதான் கேட்டிருப்பீர்கள், குழியைப் பற்றி ஒரு வரி இருக்காது.

நீங்களே அவனுக்கு எழுதுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தாக இருக்கட்டும், தமிழை இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். அம்மாவிடம் மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்லுங்கள்.

அன்பு மகள்,
செல்வி