மூன்றாம் இதழில் மாறிய வேஷம்

பாளையங்கோட்டை

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. சின்னவள் பிளஸ் டூ போகிறாள், வீட்டில் டி.வி.க்குத் தடை.

வேலையை விட்டுவிட்டு காமிக்ஸ் பதிப்பகம் தொடங்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மார்ட்டின் குட்மேன் கதையைக் கேட்டுவிட்டு இறங்கு.

1939-இல் மார்வெலுக்கு விதை போட்டவர் அவர்தான். 1968-இல் கம்பெனியை விற்றார், 1972-இல் விலகினார். மகன் சிப் அங்கேயே பொறுப்பில் இருப்பான் என்று நம்பினார். புது முதலாளிகள் சிப்பை வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த ரோஷத்தில்தான் குட்மேன் 1974-இல் நியூயார்க்கில் அட்லஸ் காமிக்ஸைத் தொடங்கினார் என்று பலரும் சொல்கிறார்கள். எடிட்டராக வந்தவர்களில் ஒருவர், மார்வெலின் பிரபல எழுத்தாளர் ஸ்டேன் லீயின் சொந்தத் தம்பி! ஸ்டேன் லீயோ குட்மேனின் மனைவிக்கு உறவுக்காரர். சொத்துத் தகராறு எந்த ஊரில் இருந்தாலும் இப்படித்தான் போலிருக்கிறது.

ஆரம்பம் அமர்க்களம். பக்கத்துக்கு மற்ற கம்பெனிகளைவிடக் கூடுதல் கூலி. வரைந்த அசல் படம் ஓவியருக்கே திரும்பிவிடும். அன்றைக்கு அது பெரிய விஷயம். ஸ்பைடர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் டிட்கோ வந்தார், வாலி வுட் வந்தார், நீல் ஆடம்ஸும் வரைந்தார். 20-க்கும் மேல் தலைப்புகள் ஒரே மூச்சில் கடைக்குப் போயின. எதுவும் நான்கு இதழைத் தாண்டவில்லை. 1975 முடியும் முன்பே கடை கட்டியாயிற்று.

பணம் போதாமல் விழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவசரம்தான் காரணம். ஹோவர்ட் சாய்கின் 'ஸ்கார்பியன்' என்று ஒரு நாயகனை உருவாக்கினார், 1930-களில் நடக்கும் சாகசக் கதை. இரண்டே இதழ். மூன்றாவதில் அதே பெயரை இக்காலத்து முகமூடி வீரன் ஒருவனுக்கு மாட்டிவிட்டார்கள். மார்வெல் சாயல் வேண்டுமாம். சாய்கின் விலகிப் போய், மார்வெலுக்கே அதுபோல இன்னொருவனைப் படைத்துக் கொடுத்தார்.

நீயும் நானும் பத்திரிகை ஏஜென்ட் கடையில் நின்று பார்த்திருக்கிறோமே, விற்காத பிரதி ரிட்டர்னாகி வந்து கணக்கு முடிய மாதக்கணக்கில் ஆகும். அங்கேயும் அதே முறைதான். முதல் இதழ் எத்தனை போனது என்பது சரியாகத் தெரியும் முன்பே மூன்றாவதை மாற்றியிருப்பார்கள். வாசகன் முகம் பழகுவதற்குள் ஆளையே மாற்றினால் அவன் யாரைத் தேடி வருவான்? சிவகாசியில் 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸைப் பார். நம் பையன்கள் கடைக்குப் போய் இரும்புக்கை மாயாவி வந்தாச்சா என்றுதானே கேட்டார்கள்.

அதனால் ஒரே ஒரு தலைப்போடு தொடங்கு. ஆறு இதழாவது வரைந்து கையில் வைத்துக்கொள். வேலையை அதுவரை விடாதே. ஓவியர் கூலியில் மட்டும் குட்மேனைப் பின்பற்று.

ஆனித் தேருக்கு வருவாய்தானே? வரைந்த பக்கங்களை எடுத்து வா. தேர் நிலைக்கு வந்ததும் சிவகாசிக்குப் போய் அச்சுக்கூலி விசாரிப்போம், வண்டி என்னுடையது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்